கீமோ காலத்திலிருந்து கூடவே வரும் ஃபைல்: என் அனுபவம்

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையில் இருக்கிறேன். ரிப்போர்ட்டுகளைப் பத்திரப்படுத்த ஸ்டேஷனரி கடை ரிங் ஃபைல், கூகுள் டிரைவ், மருத்துவ ரெக்கார்டுகளுக்கான அரசின் ஆபா டிஜிட்டல் கணக்கு என்று மூன்றையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியாயிற்று. என் ஓட்டு ரிங் ஃபைலுக்குத்தான், அதிலும் அதன் முதல் தாளுக்கு.

ஃபைல் நமக்காக இல்லை, நம்மை முன்பின் பார்த்திராத டாக்டருக்காக. கீமோ நடந்த சமயம் ஒருநாள் ராத்திரி காய்ச்சல் 101-ஐத் தாண்டியது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் என்பதால் 100.4 தொட்டாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லியிருந்தார்கள். கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர், "என்ன மருந்தும்மா போகுது? கடைசியா எப்போ ஏத்துனாங்க? போர்ட் இருக்கா?" என்று அடுக்கினார். போர்ட் என்பது மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி. என் வீட்டுக்காரர் முதல் தாளை நீட்டினார். அதைப் படித்துக்கொண்டே ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பின்னால் இருந்த கட்டைப் புரட்டவே இல்லை.

அந்தத் தாளில் நோயின் நிலை, கட்டியின் வகையைச் சொல்லும் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 சோதனை முடிவுகள், ஏற்றும் மருந்துகள், கடைசி சைக்கிள் (ஒரு சுற்று கீமோ) தேதி, ஒத்துக்கொள்ளாத மருந்து, ஆன்காலஜிஸ்ட் நம்பர் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு சைக்கிளுக்குப் பிறகும் மகள் புதுசாக பிரின்ட் எடுப்பாள். டாக்ஸோருபிசின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்கள் இதுவரை போன மொத்த அளவையும் அதில் எழுதிவிடுங்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் ஆயுளுக்கும் சேர்த்து அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. பல வருடம் கழித்து வேறொரு டாக்டர் கேட்கும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளைத் தேடி எடுத்துக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது.

ரிங் ஃபைல் கனம்தான். பிளாஸ்டிக் கவர் ரிப்போர்ட்டுக்குச் சரி, மருந்துக்கடை பில்லுக்கு ஆகாது. அந்த வழவழப்பான தாளில் எழுத்து தானாகவே மங்கும், கவருக்குள் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்தால்தான் இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கு உதவும்.

ஸ்கேன் சென்டர் கொடுக்கும் சி.டி. டிஸ்க்கை நம்பி இருக்க முடியாது. வீட்டு லேப்டாப்பில் டிஸ்க் போடும் டிரைவே இல்லை. அதிலுள்ள டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான ஃபார்மட்) படங்களை பென் டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டேன். செகண்ட் ஒப்பீனியனுக்குப் போனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தையும் கேட்பார்கள். பயாப்சி ஸ்லைடும் பிளாக்கும்கூடக் கேட்கலாம். பிளாக் என்பது மெழுகில் பதித்த நம் திசு. கார் டேஷ்போர்டில் வெயிலில் போட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.

கூகுள் டிரைவ் நல்ல காவல். ஃபைல் பெயரை '2022-03-14 சி.டி. ஸ்கேன் மார்பு' என்று வருடத்தில் தொடங்கினால் தானே தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளும். 14 இலக்க ஆபா எண் ஓ.பி. வரிசையில் நிற்காமல் டோக்கன் வாங்கக் கைகொடுத்தது. நான் போகும் லேப் அதில் இணையாததால் ரிப்போர்ட் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்போது கீமோ கட்டு பீரோவுக்குப் போய்விட்டது. செக்கப்புக்கு எடுத்துப் போவது மெல்லிய ஃபைல்: முதல் தாள், ஆபரேஷன் பயாப்சி ரிப்போர்ட், கடைசி மாமோகிராம், லெட்ரோசோல் எலும்பைப் பலவீனமாக்கலாம் என்பதால் எடுக்கும் எலும்பு அடர்த்தி டெக்ஸா ஸ்கேன். பயாப்சி ஒரிஜினலை மட்டும் வெளியே எடுப்பதில்லை, ஜெராக்ஸ்தான் போகும்.