கியர்பாக்ஸ் போச்சுன்னு சொன்னா உடனே நம்பாதீங்க: 68,500 ரூபாய் ஏமாந்தேன்

நேற்று சாயங்காலம்தான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பைபாஸ் ஓரத்தில் எல்லா கம்பெனி காரும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது 2014 மாடல் டீசல் கார், மேனுவல் கியர். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு சாம்பிள் கொண்டுபோகிற வேலை எனக்கு. கார் நின்றால் பிழைப்பு நின்றுவிடும். சித்திரை தொடக்கத்தில் ஒருநாள் கிளட்சை மிதித்தால் ‘கிர்ர்’ என்று சத்தம் வந்தது. காலை எடுத்தால் சத்தம் இல்லை. கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்துகொண்டுதான் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஓனரே எழுந்து வந்தார். வேலூர் வெயிலைத்தான் தெரியுமே, உட்கார வைத்து ஃபேனைத் திருப்பிவிட்டு மோர் வாங்கிக் கொடுத்தார். பையனை விட்டு கியர் ஆயிலை இறக்கச் சொன்னார். ஆயில் இறங்குகிற அடி போல்ட்டின் முனையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அதில் மை மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்து என் உள்ளங்கையில் தடவி, “வெயில்ல காட்டிப் பாருங்க சார்” என்றார். பார்த்தேன், மினுமினு என்று இருந்தது. “இது இன்னா தெரியுமா? உங்க கியருங்களோட பல்லு சார். உள்ள அரைச்சிக்கினு இருக்குது. ஹைவேல லாக் ஆச்சுன்னா குடும்பத்தோட போயிடுவீங்க.”

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். என் கையில் ஒட்டியிருப்பதை நானே கண்ணால் பார்த்த பிறகு எப்படி நம்பாமல் இருப்பேன்? புது கியர் பெட்டி ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது, ரீகண்டிஷன் பண்ணின பெட்டி கைவசம் இருக்கிறது, கூலியோடு 68,500, ஆறு மாசம் வாரண்டி என்றார். மகள் காலேஜ் ஃபீஸுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம். 40,000 ஜிபே, மீதி 28,500 கையில் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் சார் நஷ்டம்” என்று ஒரு துண்டுச் சீட்டில் ‘கியர்பாக்ஸ் வேலை 68,500’ என்று எழுதித் தந்தார். வாரண்டி வாய்ப்பேச்சுதான். பழைய பெட்டியைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாவது நாள் வண்டி வந்தது. சத்தம் சுத்தமாக இல்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கு அந்தக் கடையைச் சொல்லியும்விட்டேன். அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரியாக 19 நாள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். பள்ளிகொண்டாவை நெருங்கும்போது 70 வேகத்தில் நாலாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை, பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். ஓரம் கட்டுவதற்குள் உயிர் போய் வந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, டேஷ்போர்டைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. மீதி தூரம் கியர் குச்சியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.

மறுநாளே கடைக்குப் போனேன். “புதுசா செட் ஆவணும் சார், 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்க.” ஓட்டினேன், மூன்றாவது கியரும் கழல ஆரம்பித்தது. அடுத்து, “நீங்க கியர் மேல கை வெச்சிக்கினே ஓட்டறீங்க, அதான்.” அப்புறம், பெட்டி இறக்குகிற பையன் ஊருக்குப் போயிருக்கிறான். அப்புறம், சென்னையிலிருந்து சாமான் வரவேண்டும். ஃபேன் திருப்புவதும் இல்லை, மோரும் இல்லை, வெளியிலேயே நிற்க வைத்துப் பேசினார். ஐந்தாவது தடவை போனபோது, “68,500 வாங்கினதுல எனக்கு இன்னா நின்னுச்சு? பெட்டி குடுத்தவன் நம்பர் தர்றேன், அவன்கிட்ட கேளு” என்றார். ‘சார்’ போய் ‘கேளு’ வந்துவிட்டது. அந்த நம்பரும் உபயோகத்தில் இல்லை.

நேற்று மேல்விஷாரம் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், பாய் நாற்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறவர். பெட்டியை இறக்கி ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். மேலே சில்வர் பெயிண்ட், அதற்கடியில் காய்ந்த பழைய கிரீஸ், அதற்கும் அடியில் பழைய இரும்புக் கடையில் போடுகிற மஞ்சள் பெயிண்ட் நம்பர். துடைக்கக்கூட இல்லை, அழுக்கு மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே கியரைக் கழலாமல் பிடித்து நிறுத்துகிற பல் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது.

பிறகு பாய் கேட்டார்: “மொதல்ல வந்த சத்தம் கிளட்ச் மிதிச்சா வந்துச்சா, விட்டா வந்துச்சா தம்பி?” மிதித்தால்தான் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதிக்கும்போது வருகிற சத்தம் பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங், அதாவது கிளட்சை விடுவிக்கிற சின்ன பேரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது வந்து, மிதித்தால் நிற்கிற சத்தம் என்றால்தான் பெட்டிக்குள் இருக்கிற பேரிங்கைச் சந்தேகப்படணுமாம். கிளட்ச் செட்டோடு மாற்றியிருந்தாலும் 12,000 ரூபாயில் முடிந்திருக்கும் என்றார். காந்தத்தில் மை மாதிரி இருந்ததா? அது ஓடுகிற எல்லாப் பெட்டியிலும் வருமாம், துண்டு துண்டாக இரும்பு வந்தால்தான் பயப்பட வேண்டுமாம். பெட்டியை இறக்கின கையோடு அந்த ரிலீஸ் பேரிங்கை மாற்றியிருக்கிறார்கள். சத்தம் நின்றது அதனால்தான்.

அப்படியென்றால் என் பெட்டி நன்றாக இருந்திருக்கிறது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, குப்பையை மாட்டி, அதற்கு என்னிடமே 68,500 வாங்கியிருக்கிறார். என் பெட்டி இந்நேரம் வேறு யாருக்கோ விற்றிருக்கும். ஆர்சி புக்கில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும்தான் இருக்கும், கியர்பாக்ஸ் நம்பர் இருக்காது. என்னுடையது என்று எதைக் காட்டி நிரூபிப்பேன்?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இவ்வளவு மட்டும் செய்யுங்கள். இன்னொரு மெக்கானிக் பார்க்காமல் பெட்டியை இறக்க விடாதீர்கள். இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், பெட்டியில் பொறித்திருக்கிற நம்பரை போட்டோ எடுங்கள். பழைய பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதற்கு விலை கழிக்கச் சொல்லுங்கள். வாரண்டியை எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் பில் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. அந்த 40,000 ஜிபே விவரமும் துண்டுச் சீட்டும்தான் என் கையில் இருக்கிற சாட்சி. இதே மாதிரி துண்டுச் சீட்டு உங்களிடம் இருந்தால் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள், சேர்ந்தே போகலாம்.