வைல்ட் டிஸ்கஸ் என்று சொல்லிப் பண்ணை மீனை அனுப்புகிறார்கள்: பணம் போடும் முன் படித்துவிடுங்கள்

"வைல்ட் ஹெக்கல், ரியோ நீக்ரோ, போன வாரம் இறங்கியது" என்று வாட்ஸாப்பில் வீடியோ போட்டு டிஸ்கஸ் என்ற தட்டையான, வட்டமான வண்ணமீனை விற்கும் ஒருவர் என்னிடம் 51,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறார். ஒரு மீன் 8,500 வீதம் 6 மீன். வந்து சேர்ந்தது அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவில் பிடித்த மீனே இல்லை, பண்ணையில் வளர்த்த கலப்பினம். புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே முறையில் இன்னும் சிலர் விற்பதாகத் தெரிகிறது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

கோவையில் எங்கள் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் என் டிடிஎஸ் மீட்டரில் 50-ஐத் தாண்டாது. டிஸ்கஸ் வளர்க்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சென்னை நண்பர்கள் ஆர்ஓ மெஷினோடு மல்லுக்கட்டும்போது எனக்குக் குளோரின் போனால் போதும். ரியோ நீக்ரோவின் தண்ணீர் உப்பே இல்லாதது என்று சொல்லும் அளவுக்கு மென்மை, பிஎச் 4-லிருந்து 5 வரைதான், இலைகள் ஊறி டீ டிகாஷன் நிறத்தில் ஓடும். அதற்குப் பக்கத்தில் வரும்படி பாதாம் இலை போட்டு, 29 டிகிரியில் ஹீட்டரை வைத்து, மாதக்கணக்கில் டாங்க்கைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஹெக்கல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1840-இல் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் விவரித்த முதல் டிஸ்கஸ் இனம் இது. டிஸ்கஸ் உடம்பில் பொதுவாக 9 செங்குத்துப் பட்டைகள் இருக்கும். ஹெக்கலில் கண்ணைக் கடக்கும் முதல் பட்டை, நட்டநடு ஐந்தாவது பட்டை, வால் ஓரத்து ஒன்பதாவது பட்டை மூன்றும் அழுத்தமாகத் தெரியும். அதிலும் அந்த ஐந்தாவது பட்டை அகலமாக, கருப்பாக இருக்கும். மீனின் மனநிலைக்கு ஏற்ப மற்ற பட்டைகள் மங்கும், மறையும். நடுப்பட்டையை வைத்துத்தான் ஹெக்கலை அடையாளம் சொல்வோம்.

அவர் அனுப்பிய வீடியோவில் எல்லாம் சரியாகவே இருந்தது. கையகல மீன்கள், நடுப்பட்டை கன்னங்கரேல், உடம்பில் நீலக் கோடுகள், ஒன்றிரண்டின் துடுப்பில் ஆறிய வெட்டுத் தழும்பு. ஆற்று மீனுக்கு அப்படித் தழும்பு இருப்பது சாதாரணம். வீடியோவின் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார். பாதிப் பணம் முன்பணம், மீதி பார்சல் கட்டும் முன் என்று பேச்சு. இரண்டையும் ஜிபேயில் வாங்கிக்கொண்டார்.

ஆம்னி பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டி வந்தது. ஆக்சிஜன் அடைத்த பைகள், பைக்கு ஒரு மீன், கட்டு நன்றாகத்தான் இருந்தது. லைட்டை அணைத்துவிட்டு, மணல்கூட இல்லாத தனி டாங்க்கில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் வைத்து, மெதுவாகத் தண்ணீர் கலந்து விட்டேன். மீன்கள் மூன்று அங்குலம்தான் இருந்தன. வீடியோவில் பார்த்ததில் பாதி அளவு. நடுப்பட்டை மற்றப் பட்டைகளைவிடக் கொஞ்சம் அழுத்தம், அவ்வளவுதான்.

என்னை உலுக்கியது அன்று மாலை நடந்தது. ஆற்றிலிருந்து வந்த டிஸ்கஸ் புது டாங்க்கில் கருத்துப்போய் மூலையில் ஒண்டிக்கொள்ளும். ஆள் நடமாட்டம் கண்டாலே கண்ணாடியில் முட்டும். பெல்லட் என்ற உருண்டைத் தீனியே சாப்பாடு என்று அதற்குத் தெரியாது, பழக்க வாரங்கள் பிடிக்கும். இவையோ நான் டாங்க் பக்கம் போனதும் ஆறு மீன்களும் முன்னால் வந்து நின்றன. நாலு பெல்லட் போட்டுப் பார்த்தேன். மேலே வந்து தின்றன. மனித கைக்குப் பழகிய மீன்கள். எனக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது.

நிறமும் பொய். மூன்று அங்குலத்தில் டிஸ்கஸ் பெரும்பாலும் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும், நீலம் முழுசாக ஏறுவது பிற்பாடு. இவை பளபளவென்று இருந்தன. சில பண்ணைகளில் குஞ்சுக்கு ஆண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து நிறத்தை முன்கூட்டியே ஏற்றுகிறார்கள். தீனியை நிறுத்தினால் சில வாரங்களில் நிறம் இறங்கிவிடும். அப்படி வளர்ந்த மீன் பின்னால் இனப்பெருக்கத்துக்கும் உதவாமல் போகலாம். என் கண்ணெதிரே அதே மாதிரி நீலம் இறங்கி, மங்கல் பழுப்பு ஆனது. கண்கள் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருப்பதும் அப்போதுதான் துலக்கமாகத் தெரிந்தது. வளர்ச்சி நின்றுபோன மீனின் அடையாளம் அது.

கேட்டால், "சார், இது ஜுவனைல் சார், அஞ்சாவது பட்டை பெருசானாதான் வரும்" என்றார். நிறம் போன படத்தை அனுப்பினால், "உங்க தண்ணி சரியில்ல சார், பிஎச் ஏறியிருக்கும்" என்றார். மீட்டர் ரீடிங்கை வீடியோ எடுத்து அனுப்பினேன். அப்புறம் பிளாக்.

அதற்குள் ஒரு மீன் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தலை கவிழ்ந்து நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூலாகக் கழிவு தொங்குகிறது, இன்னொன்று ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சு விடுகிறது. முதலாவது குடலில் ஒட்டுண்ணி, இரண்டாவது செவுள் புழு. "குவாரண்டைன் முடித்து, புழு மருந்து கொடுத்த மீன்" என்று எழுத்தில் தந்த வாக்கும் பொய் என்று ஆயிற்று. மெட்ரோனிடசோல், பிராசிகுவான்டெல் இரண்டும் கொடுத்தும் இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. தனி டாங்க்கில் வைத்ததால் என் பழைய டிஸ்கஸ்கள் தப்பின.

திருச்சூர் நண்பர் ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்தார்: அந்த வீடியோ ஐரோப்பாவில் ஒரு இறக்குமதியாளர் போட்டது. ஓரத்தை வெட்டி, பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் "போன வாரம் இறங்கியது" என்று சொன்னது ஜூலையில். பிரேசிலில் ரியோ நீக்ரோ கரையில் இருக்கும் மனாவுஸ் நகரத்துப் பக்கம் ஆறு உச்சத்தில் ஓடும் காலம் ஜூன், ஜூலை. ஆண்டுக்குள் நீர்மட்டம் சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்கும் ஆறு அது. வெள்ளம் காட்டுக்குள் புகுந்து மீன்கள் மரங்களுக்கிடையே சிதறிவிடும். தண்ணீர் இறங்கிய பிறகுதான், இரவில் டார்ச் வெளிச்சத்தில், மூழ்கிய கிளைகளைச் சுற்றி வலை கட்டி டிஸ்கஸ் பிடிப்பார்கள். ரியோ நீக்ரோ கரையில் இருக்கும் பார்செலோஸ் ஊரில் பல குடும்பங்களுக்கு வண்ணமீன் பிடிப்பதுதான் பிழைப்பு. அங்கே நடக்கும் வண்ணமீன் திருவிழாவில் ஊரே கார்டினல் டெட்ரா அணி, டிஸ்கஸ் அணி என்று இரண்டாகப் பிரிந்து போட்டி போடும். அந்த வருமானம் இருக்கும்வரை காட்டை வெட்டவோ தங்கம் தேடிப் போகவோ அவர்களுக்கு அவசியம் குறைவு. 'மீனை வாங்கு, மரத்தைக் காப்பாற்று' என்பது அங்கே வேலை செய்யும் பியாபா திட்டத்தின் முழக்கம். நான் வைல்ட் மீனுக்கு ஆசைப்பட்டதில் இதற்கும் பங்கு உண்டு. அவர்களுக்குப் போய்ச் சேரும் என்று நான் நம்பிக் கொடுத்த பணத்தை நடுவில் ஒருவர் பொய் சொல்லிச் சாப்பிட்டதுதான் எனக்கு அதிகம் கோபம்.

வாங்கப் போகிறவர்கள் லைவ் வீடியோ காலில் மீனைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் தேதியும் எழுதிய தாளை டாங்க் கண்ணாடியில் வைத்துக் காட்டட்டும். எந்த ஆறு, எந்த மாதம், எந்த விமான நிலையம், இறக்குமதி அனுமதியும் சுகாதாரச் சான்றிதழும் இருக்கிறதா என்று கேளுங்கள், நகலை வாங்குங்கள். சாப்பிடுவதைக் காட்டச் சொல்லுங்கள், கழிவின் நிறத்தையும் பாருங்கள். முடிந்தால் நேரில் போங்கள். சென்னை கொளத்தூரில் பல வருஷமாக நேர்மையாக விற்கும் கடைக்காரர்கள் எனக்குத் தெரியும், பண்ணை மீனைப் பண்ணை மீன் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். இந்த ஆளுக்குக் கடையே கிடையாது, ஒரு நம்பர் மட்டும்தான். நிஜமான வைல்ட் மீனும் புழு, ஒட்டுண்ணியோடுதான் வரும். அதைச் சில வாரம் வைத்துப் பார்த்து, சாப்பிட வைத்து விற்கிறவருக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம்.

நான் 1930-க்கு அழைத்தும், சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய அன்றே அழைத்தால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நுகர்வோர் உதவி எண் 1915. சாட், ஜிபே ரசீது, பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ எதையும் அழிக்காதீர்கள். சினிமாப் பாட்டு சேர்த்த அதே ஹெக்கல் வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால், எந்த நம்பரிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்ற ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் தனியாக ஒரு புகார் கொடுங்கள்.