சியாட்டலின் ஜனநாயக வவுச்சர்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் சியாட்டல் மாநகராட்சி வழங்கும் சேவைகளுள் சற்று விநோதமானது ஜனநாயக வவுச்சர். மாநகராட்சித் தேர்தல் நடைபெறும் ஆண்டின் பிப்ரவரியில், பதிவுபெற்ற வாக்காளர் ஒவ்வொருவருக்கும் தலா 25 டாலர் மதிப்புள்ள நான்கு வவுச்சர்கள் அஞ்சலில் வந்து சேர்கின்றன. விரும்பும் வேட்பாளரின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினால், அத்தொகை மாநகராட்சி நிதியிலிருந்து அவருடைய பிரசாரக் கணக்குக்குச் செல்லும். நான்கையும் ஒருவருக்கே கொடுக்கலாம், பலருக்குப் பிரித்தும் கொடுக்கலாம், விற்கத்தான் கூடாது. 2015 நவம்பரில் மக்களே வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தின்படி ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் சொத்து வரியாகத் திரட்டப்பட்டு, 2017 தேர்தலில் இத்திட்டம் முதன்முறையாகச் செயல்பட்டது.

நியூயார்க் நகரிலும் பொதுப்பணம் பிரசாரத்துக்குச் செல்கிறது. அங்கே உள்ளூர்வாசி தரும் சிறு நன்கொடைக்கு எட்டு மடங்கு வரை நகர நிர்வாகம் சேர்த்துத் தருகிறது. ஆனால் முதல் டாலர் கொடுப்பவரின் கையிலிருந்து வர வேண்டும் என்பதால், மாத வாடகைக்கே திண்டாடுபவர் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. சியாட்டலின் ஏற்பாடு இந்தத் தடையை நீக்கிவிடுகிறது என்பதே அதன் தலையாய சிறப்பு. வாக்குரிமை இல்லாத கிரீன் கார்டுதாரர்களும் 18 வயது நிறைந்திருந்தால் விண்ணப்பித்து வவுச்சர் பெறலாம். கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்களுக்கும், ரெட்மண்ட், பெல்வியூ போன்ற பக்கத்து நகரங்களில் வசிப்போருக்கும் இதில் இடமில்லை என்பது வேறு விஷயம்.

வேட்பாளர்களுக்கு இப்பணம் எளிதில் கிடைத்துவிடுவதில்லை. 2021இல் மேயர் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் குறைந்தது 10 டாலர் வீதம் 600 பேரிடம் நன்கொடை பெற்று ஆதரவைக் காட்ட வேண்டியிருந்தது. செலவு வரம்பையும் ஏற்க வேண்டியிருந்தது. வவுச்சரிலுள்ள கையொப்பம் வாக்காளர் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகிறது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது பொது ஆவணம். முதலாளியோ அண்டை வீட்டாரோ பார்த்துவிடுவார்களே என்று தயங்குவோரின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆயினும் பொதுப்பணம் செல்லும் வழியை மறைத்து வைப்பதை ஏற்க இயலாது.

குறைகளுள் முதலாவது காலப் பொருத்தமின்மை. வவுச்சர் பிப்ரவரியில் வருகிறது. வேட்புமனு தாக்கலோ மே மாதத்தில்தான் நடக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது விளம்பரத் தாள்களோடு சேர்ந்து குப்பைக்குப் போவதில் வியப்பில்லை. தகுதியுள்ளோரில் பத்தில் ஒருவர்கூட இதைப் பயன்படுத்துவதில்லை என்ற நிலைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன்.

இரண்டாவது குறை ஆழமானது. அதைச் சரிசெய்வது நகரத்தின் கையிலும் இல்லை. வேட்பாளரோடு கலந்தாலோசிக்காமல் வெளியிலிருந்து செய்யப்படும் செலவுக்கு வரம்பு விதிக்க, 2010ஆம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வழியில்லை. 2019 நகரமன்றத் தேர்தலில் அமேசான் நிறுவனம் இத்தகைய செலவு செய்யும் குழு ஒன்றுக்குச் சுமார் 14.5 லட்சம் டாலர் கொடுத்தது. அக்குழு ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள் என்றாலும், அத்தகைய பணம் குவியும்போது வவுச்சர் வேட்பாளர்களைச் செலவு வரம்பிலிருந்து விடுவிக்கத் திட்டமே இடம் தருகிறது. அப்படி விடுவிக்கப்பட்ட பின் கட்டுப்பாடு என்ற வாக்குறுதியில் பாதி கரைந்துவிடுகிறது. சிறு நன்கொடையாளர்களை உள்ளே கொண்டுவருவதில் வவுச்சர் வென்றிருக்கிறது. பெரும்பணத்தை வெளியே நிறுத்துவதில் அது தோற்றிருக்கிறது என்பதே என் கணிப்பு.

தாம் ஏற்காத அரசியல் பேச்சுக்குத் தம் வரிப்பணம் செலவாகிறது என்று சொத்து உரிமையாளர்கள் தொடுத்த வழக்கை வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. 2025 ஆகஸ்டில் வாக்காளர்கள் இத்திட்டத்தை மேலும் பத்தாண்டுகளுக்கு, மொத்தம் 4.5 கோடி டாலர் வரியுடன் நீட்டித்தார்கள். அங்கே வசிப்போருக்கு என் பரிந்துரை இதுதான்: வேட்பாளர் பட்டியல் உறுதியாகும் வரை நான்கையும் பத்திரமாக வைத்திருங்கள், தாள் தொலைந்துவிட்டால் மாற்றுப் பிரதி கேட்கலாம், இணையதளம் வழியாகவும் வழங்கலாம்.