மரத்தரை ஈரத்துக்கு இரண்டு ஊசி மீட்டர்: எவ்வளவு நம்பலாம்?

ஏசி டிரெயின் பைப் அடைத்து ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கும், இல்லையென்றால் பாத்ரூம் வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்திருக்கும். துடைத்துவிட்டால் மரத்தரை மேலே காய்ந்துதான் தெரியும். பலகைக்கு அடியில் என்ன நிலை என்று பார்க்க மலிவான வழி, ஆன்லைனில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு ஊசி மாய்ஸ்ச்சர் மீட்டர். வாங்கலாம். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

இரண்டு ஊசிக்கும் நடுவே மரம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைத்தான் இது அளக்கிறது. ஈரம் ஏற ஏறத் தடை குறையும். மரத்தின் ஈரம் சுமார் 6 சதவீதத்திலிருந்து 30 வரை இருந்தால் அளவு உருப்படியாக இருக்கும். திரையில் 45 என்று வந்தால் 'ரொம்ப ஈரம்' என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. பல மீட்டர்கள் டக்ளஸ் ஃபிர் மாதிரியான வெளிநாட்டு மரத்துக்கு அளவு வைத்தவை. தேக்கில் குத்தினால் ஒன்றிரண்டு புள்ளி தள்ளித்தான் காட்டும்.

அதனால் முதலில் அதே அறையில் தண்ணீர் படாத மூலையில், கட்டிலுக்கு அடியில் குத்திப் பாருங்கள். அங்கே 13, நனைந்த இடத்தில் 19 என்றால், கவனிக்க வேண்டியது அந்த 6 புள்ளி வித்தியாசம். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும்போது, நனையாத மரமே 14 பக்கம்தான் நிற்கும். அதை 8-க்கு இறக்கப் பார்த்தால் கரன்ட் பில்தான் ஏறும். 20-ஐத் தாண்டியே பல நாள் நின்றால் மட்டும் பூஞ்சைக்கும் மரம் உளுப்பதற்கும் பயப்பட வேண்டும்.

இதன் பெரிய குறை ஊசியின் நீளம். சில மில்லிமீட்டர்தான் இறங்கும். தண்ணீரோ பலகைக்கு அடியில். அதற்கு ஒரு கைவேலை உண்டு. சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றி, அது மறைக்கும் ஓரத்தில், மீட்டர் ஊசிகளுக்கு இருக்கும் அதே இடைவெளியில் இரண்டு மெல்லிய இரும்பு ஆணியைப் பலகைக் கனத்தில் முக்கால்வாசி இறக்குங்கள். ஆணித்தலையில் ஊசியை வைத்தால் உள் ஈரம் தெரியும். மேற்பரப்பை முதலில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மேல் ஈரத்தையே காட்டும். பலகைக்கு அடியில் விரித்திருக்கும் அலுமினிய ஃபாயிலை ஆணி தொட்டாலும் எண் எகிறிவிடும். அது ஈரம் அல்ல.

மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, தினமும் ஒரே நேரத்தில், அதே இடத்தில் அளந்து எழுதுங்கள். ஜன்னலை மூடி, காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபையரை ஓடவிடுங்கள், ஃபேன் காற்று தரையை ஒட்டி அடிக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரத்தை வீட்டுக்குள் கூப்பிட்ட மாதிரிதான். எண் இறங்கி, பிறகு எல்லாவற்றையும் நிறுத்திய மறுநாளே ஏறினால், கசிவு நிற்கவில்லை அல்லது கீழே கான்கிரீட் இன்னும் காயவில்லை.

பலகையின் ஓரங்கள் தூக்கி நடுவில் குழி விழுந்திருந்தால் உடனே தேய்த்துச் சமப்படுத்த ஆள் கூப்பிடாதீர்கள். அடிப்பக்கம் ஈரமாக இருக்கும்போது தூக்கிய ஓரத்தை இழைத்துவிட்டால், காய்ந்த பிறகு நடுப்பகுதி மேடாகிவிடும். நனைந்த இடத்துக்கும் காய்ந்த மூலைக்கும் 2 புள்ளிக்குள் வரட்டும். கெட்டிப் பலகைக்கு அதற்குப் பல வாரம்கூட ஆகும்.

லேமினேட்டுக்கு இந்த மீட்டர் அநேகமாக வீண். மேல் பூச்சில் ஊசி இறங்காது; உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் அட்டை, மர அளவு அதற்குப் பொருந்தாது. இணைப்பு ஓரம் ஒருமுறை உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழையபடி படியாது. கடைசி வரிசையைக் கழற்றி ஃபோம் ஷீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பதே மேல். மீட்டரில் கட்டட அளவு என்று இன்னொரு பட்டன் இருக்கும். கான்கிரீட்டில் எந்த இடம் அதிக ஈரம் என்று ஒப்பிட மட்டும் அது போதும்.

வாங்கும்போது மூடியில் சோதனைப் புள்ளிகள் உள்ள மாடலாகப் பாருங்கள். அதில் ஊசியைத் தொட்டால் கையேட்டில் போட்ட எண் வரவேண்டும். வராவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். தேக்கில் சாய்த்துக் குத்தினால் ஊசி வளையும், நேராக அழுத்துங்கள். உபரி ஊசி பெட்டியிலேயே வரும் ரகத்துக்குக் கூடுதலாக நூறு ரூபாய் கொடுத்தாலும் தவறில்லை. குத்திய துளைக்கு அதே நிற மெழுகுக் குச்சி போதும்.