கரிசலில் ரோடு: எந்தச் சாம்பல் தாங்கும்?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் சித்திரையில் காட்டுக்குள் இறங்கினால், வெடிப்புக்குள் கையை விடலாம். ஐப்பசி மழையில் அதே மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. சுருங்கி ஊதுகிற இந்தக் கரிசல் மேல் போட்ட ரோடு ஓரம் பிளந்து, நடுவில் அலையடிக்கும். நனைந்த கரிசலின் சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறனைச் சொல்லும் சதவீத அளவு) பெரும்பாலும் 2, 3-தான். தினமும் 450 கனரக வண்டிகளுக்கு மேல் ஓடும் சாலைக்கு ஐ.ஆர்.சி. 37 (இந்தியன் ரோட்ஸ் காங்கிரசின் தார்ச்சாலை வடிவமைப்பு நெறிநூல்) கேட்பது குறைந்தது 5.

வழக்கமாக, கரிசலை வெட்டி எடுத்துவிட்டு கிராவல் கொட்டுவார்கள். அதற்காக எங்கோ ஒரு செம்மண் மேடு காணாமல் போகிறது. அது எனக்கு உறுத்தும். மண்ணை அங்கேயே வைத்து, சாம்பல் மாதிரி எதையாவது கலந்து திருத்த முடியும்போது ஏன் தோண்ட வேண்டும்?

பக்கத்தில் கிடைப்பது தூத்துக்குடி அனல் மின் நிலையச் சாம்பல். ஆனால் நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. தனியாகக் கலந்தால் பிசுபிசுப்பு கொஞ்சம் குறையும், பிடிப்பு வராது. பலரும் சறுக்குவது இங்கேதான். கூடவே மூன்று, நான்கு சதவீதம் சுண்ணாம்பு போட்டால் கதையே வேறு. தண்ணீர் தெளித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள், களியாக ஒட்டிய மண் புட்டு மாவு போல உதிரும். அதை ரோலர் போட்டு இறுக்கி ஈரம் காயாமல் வைத்தால், சாம்பலும் சுண்ணாம்பும் வாரக்கணக்கில் மெல்ல இறுகும்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் பட்டாலே இறுகத் தொடங்கும். அதுவே சிக்கலும்கூட: கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரோலர் ஓடி முடிய வேண்டும். நடுவில் மண்ணைக் கலக்கும் ரோட்டவேட்டர் நின்றால் மண் கட்டி கட்டியாகிவிடும். உலர்ந்த சாம்பலாகவே வாங்க வேண்டும். ஆலையின் சாம்பல் குளத்தில் நனைந்து கிடந்தது சக்தியில் பாதியை அங்கேயே விட்டிருக்கும். விருத்தாசலம், பெரம்பலூர் கரிசலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கோவில்பட்டிக்கோ 350 கி.மீ.க்கு மேல், லாரி வாடகையே தின்றுவிடும்.

மூன்றாவது சாம்பல் அல்ல, இரும்பு உருக்கும் ஊதுலையில் ஒதுங்கும் கசடை அரைத்த தூள். சிமென்ட்காரர்களும் இதற்குப் போட்டி போடுவதால் விலை அதிகம். இதையும் தட்டியெழுப்பக் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும். ஆனாலும் ஓர் இடத்தில் இதை விட்டால் ஆளில்லை. சில கரிசலில் ஜிப்சம் இருக்கும். அங்கே சுண்ணாம்பு போட்டால் ஜிப்சத்தில் உள்ள சல்பேட்டோடு சேர்ந்து புதுப் படிகங்கள் வளர்ந்து, போட்ட ரோட்டையே தூக்கும். சுண்ணாம்பில் பெரும்பங்கைக் குறைத்துக் கசடுத் தூளைச் சேர்த்தால் அந்த வீக்கம் நன்றாக அடங்கும். உர ஆலை ஜிப்சம் மலிவு என்று சுண்ணாம்போடு கலக்கச் சொல்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே கோவில்பட்டியில் முதலில் சல்பேட் சோதனை. குறைவாக வந்தால் தூத்துக்குடிச் சாம்பலும் சுண்ணாம்பும், கூடுதலாக வந்தால் காசு போனாலும் கசடுத் தூள்.

வேலை தொடங்கும் முன் கலவையில் உருண்டை பிடித்து ஈரச் சாக்கில் ஏழு நாள் மூடி வைத்து, வாளித் தண்ணீரில் போடுங்கள். வெறும் கரிசல் உருண்டை சில நிமிடங்களில் கரைந்து விழும். சுண்ணாம்பு போதுமான உருண்டை மறுநாள் காலையிலும் முழுசாகக் கிடக்கும்.