உப்புவெளியா, குச்சவெளியா, கோணமலையா: வயதான அப்பா அம்மாவோடு திருகோணமலைக் கரையில் நடக்க எது தோது?

அண்ணா ரொறன்ரோவிலிருந்தும் தங்கச்சி கொழும்பிலிருந்தும் வந்து சேர்ந்த அன்றே வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிட்டது. ஐந்து பேரும் சேர்ந்து கடற்கரை வழியே ஒரு காலை நடப்பது என்று முடிவு. எங்கே என்பதுதான் சண்டை. அண்ணாவுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத குச்சவெளிக் கரை. அம்மாவுக்குக் கோணமலையில் இருக்கும் கோணேசர் கோவில்: "கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, நடந்த மாதிரியும் ஆச்சு." எனக்கும் தங்கச்சிக்கும் உப்புவெளியிலிருந்து நிலாவெளி. அப்பா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவர் கேட்டது மூதூர்ப் பக்கம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அப்பாவுக்கு வயது 71, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அம்மாவுக்கு 66, பிரஷருக்குக் குளிசை போடுகிறவர். பங்குனி மாதம் என்பதால் மழையும் இல்லை, கச்சான் காற்றும் இன்னும் கிளம்பவில்லை. அண்ணா நின்ற மூன்று கிழமைக்குள் மூன்று இடங்களிலும் நடந்து பார்த்துவிட்டோம்.

முதலில் அம்மாவின் கட்சி. டச்சு பே கடற்கரையில் தொடங்கி, கோட்டை வாசலால் நுழைந்து, மலை ஏறிக் கோவில் வரை போய், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்துவிட்டு இறங்குவது. தூரம் சொற்பம். தார் வீதி, நிழல் மரம், புள்ளிமான்கள், கச்சான் கடலை விற்கிறவர்கள், எதற்கும் குறைவில்லை. பழைய கோவிலை இடித்த கல்லைக் கொண்டு போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டை இது. வாசலில் இரட்டை மீன் பொறித்த கல்வெட்டுத் துண்டு இருக்கிறது. அந்த இடத்தில் அப்பா நிற்பார், பழைய கோவிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் என்ற அரசனின் கதையைத் தொடங்குவார், நாங்கள் எல்லோரும் நூறு தரம் கேட்ட கதை. அது அவர் மூச்சு வாங்க நிற்கும் இடமும் கூட என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

குறை என்னவென்றால் ஏற்றம். சமதரையில் அப்பாவின் முழங்கால் பேசாது. இறக்கத்தில் பேசும். அதோடு கோவில் வீதியில் வெறுங்கால். ஒன்பது மணிக்குப் பிறகு அந்தக் கல் சுடுகிற சூட்டில் பக்தி, உடற்பயிற்சி இரண்டும் ஓட்டமாக மாறிவிடும். விடிகாலைப் பூசைக்குப் போனால் அருமையான இடம். ஆனால் இதைக் கடற்கரை நடை என்று அண்ணாவிடம் சொல்ல முடியாது. "இது கோவிலுக்குப் போறது" என்றார், சரிதான்.

குச்சவெளி அண்ணாவின் தேர்வு. பட்டினத்திலிருந்து வடக்கே 34 கிலோமீற்றர், புல்மோட்டை பஸ்ஸில் போகலாம். கடலுக்குள் நீட்டி நிற்கும் பாறைகள், அதில் அலை ஏறி இறங்கும் சத்தம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளே இல்லாத மணல். அழகை மட்டும் பார்த்தால் மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்காது. அங்கிருந்து இன்னும் மேலே போனால் அரிசிமலை வரும். மணலை அள்ளினால் கையில் ஊறப்போட்ட அரிசி மாதிரி கிடக்கும். புல்மோட்டைப் பக்கம் மணலில் இல்மனைற் என்ற கனிமம் கலந்து கருத்திருக்கும். கறுப்பு மணல் எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்பதைச் செருப்பைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்.

பிரச்சினை நாலாவது கிலோமீற்றரில் வந்தது. அம்மாவுக்குத் தலை சுற்றியது. எட்டரை மணிதான், ஆனால் மர நிழல் இல்லை. வீதிக்கும் கரைக்கும் நடுவே பற்றைக்காடும் களப்பும். ஓட்டோ கூப்பிடலாம், எந்த இடத்துக்கு என்று சொல்வது? பூட்டிக் கிடந்த ஒரு மீன் வாடியின் தாழ்வாரத்தில் அம்மாவை இருத்தி, ஒரு லீற்றர்ப் போத்தலில் ஒரு பைக்கற் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்து மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுத்தோம். அரை மணியில் தெளிந்துவிட்டார். "எனக்கு ஒண்டுமில்லை, உங்கட முகங்களைப் பார்க்கத்தான் பயமா இருக்கு" என்றார். ஆனால் திரும்ப வேண்டுமென்றால் அதே நாலு கிலோமீற்றர்தான். அதற்கு வேறு வழியே இல்லை.

அந்த வாடித் தாழ்வாரத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நாங்கள் அதுவரை தூரத்தையும் அழகையும் வைத்துச் சண்டை பிடித்தோம். பார்க்க வேண்டியது வேறு: நடுவழியில் ஒருவர் போதும் என்றால் எத்தனை நிமிடத்தில் வீதிக்கு வரலாம்? ஐந்து பேருக்கு ஐந்து வேகம். அண்ணாவுக்குப் பதினைந்து கிலோமீற்றரும் காணாது. அப்பாவுக்கு நாலு நல்லது, ஆறு கூடுதல். ஆளாளுக்கு விலகிக்கொள்ள வழி இருக்கிற பாதைதான் எல்லோரும் சேர்ந்து நடக்கக்கூடிய பாதை.

அந்தக் கணக்கில் உப்புவெளி–நிலாவெளிக்குப் போட்டியே இல்லை. ஏறக்குறைய 10 கிலோமீற்றர், முழுக்கச் சமதரை, இடப்பக்கம் புல்மோட்டை வீதி கூடவே வருகிறது. ஹோட்டல் ஒழுங்கைகள் பல இடங்களில் கரையையும் வீதியையும் இணைக்கின்றன. பிளேன்ரீ, கழிவறை, நிழல், மூன்றும் கிடைக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் கழிவறையை முதலில் பார்க்க வேண்டும், யாரும் எழுதுவதில்லை.

விடிய ஐந்தரைக்குத் தொடங்கினோம். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்தே எழும்புவதால் அதன் பிறகு மறைவு கிடையாது. எட்டரைக்குள் முக்கால் தூரத்தை முடித்துவிட வேண்டும். எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் குறைவு. எந்த நேரத்திலும் அலை நனைத்த இறுகிய மணல் ஒரு பட்டியாகக் கிடைக்கும், கால் புதையாது. ஆனால் அந்தப் பட்டி கடல் பக்கம் சரிவு. வடக்கே நடந்தால் வலக்கால் எப்போதும் பள்ளத்தில், இடக்கால் மேட்டில். இரண்டு கிலோமீற்றரில் அப்பா நொண்டத் தொடங்கினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே, அடம்பன் கொடி படர்ந்த தட்டை மணலுக்கு ஏறி நடக்க வைத்தோம், நொண்டல் நின்றது. மேலே ஏறினால் ஒரு தொல்லை, இராவணன் மீசை. காய்ந்த அந்த முள்ளுருண்டை காற்றில் உருண்டு வந்து காலில் குத்தும். செருப்புப் போதாது, மூடிய சப்பாத்துத்தான் சரி. அம்மா மட்டும் தான் நடந்த தூரம் முழுக்கப் பாட்டா செருப்போடு வந்து ஒரு முள்ளும் வாங்காமல் தப்பினார்.

சாம்பல்தீவுக் களப்பு கடலைச் சேரும் இடத்தில் முகத்துவாரம் திறந்திருந்தால் கரையால் போக முடியாது. வீதிக்கு ஏறிப் பாலத்தால் சுற்றிவர வேண்டும். எங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. அம்மாவும் தங்கச்சியும் அங்கேயே ஓட்டோ பிடித்து, சல்லி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நிலாவெளியில் எங்களுக்கு முன்னால் போய் இருந்தார்கள்.

சல்லிக்கு அப்பால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் கடைசி ஆளுக்குப் பின்னால் இடம் இருந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். அண்ணா பதறி, "அப்பா, முழங்கால்!" என்று கத்த, "நான் என்ன கண்ணாடியே உடைஞ்சு போக? வந்து பிடி" என்றார். பிறகு மூன்று பேரும் இழுத்தோம். வலையின் மடி கரைக்கு வர முக்கால் மணி. சூடையும் நெத்தலியும், நடுவில் இரண்டு பாரை. அப்பாவின் கையில் ஒருவர் சொப்பிங் பை நிறையச் சூடை திணித்தார். வயது 43இல் ஒரு மனிதர் தகப்பனிடம் "நல்லா இழுத்தாய்" என்று பாராட்டு வாங்கும் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். நடை என்ற கணக்கில் அது நேர விரயம். அதன் பிறகு வெயில் ஏறிவிட்டது, கடைசி மூன்று கிலோமீற்றரை அண்ணாவும் நானும் மட்டுமே நடந்தோம்.

புறாத்தீவைப் பற்றிக் கேட்பீர்கள். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர், 2003இல் தேசியப் பூங்கா ஆனது. அது படகும் நீச்சலும், நடை இல்லை. கரை முழுக்கப் பவளத் துண்டுகள், முழங்கால்காரர்களுக்கு வேண்டாம்.

அப்பாவின் மூதூர் ஆசை மட்டும் பாக்கி. அவர் வேலை செய்த காலத்தில் லோஞ்சிலும், கிண்ணியாவில் பாதை (வாகனம் ஏற்றும் மிதவை) ஏறியும் போனவர். 2009இல் பாலம் திறந்த பிறகு எல்லாம் சுலபம். 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி தகப்பனோடு மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக்குடாவில் இறங்கிக் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். தகப்பன் சிறைப்பட்டிருக்கும்போதே இறந்தார், மகன் தப்பியது 1679இல். அப்பனும் மகனும் கரையில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அப்பா சொல்லும் உதாரணம் இது. மகாவலி கடலில் சேரும் அந்தக் கரையில் கிளையாறுகள் குறுக்கே வரும், தொடர்ந்து நடக்க முடியாது. வாகனத்தில் போய் இடையிடையே இறங்கலாம். இம்முறை நேரம் வரவில்லை.

அடுத்த வருடத்துக்கு இப்படிப் பிரித்திருக்கிறோம். எல்லோரும் சேர்ந்து நடப்பது நிலாவெளிக் கரைதான், மாசிக் கடைசியில். மறுநாள் விடிய பிள்ளைகள் மூவரும் குச்சவெளி, ஆளுக்கு மூன்று லீற்றர்த் தண்ணீர். அதே நேரம் அப்பாவும் அம்மாவும் கோணேசருக்குப் போய், அப்படியே கன்னியா வெந்நீரூற்றில் முழங்காலுக்கு நாலு வாளி ஊற்றிக்கொண்டு வருவார்கள். அண்ணா இப்போதே ரிக்கற் பார்க்கிறார். அப்பா கேட்பது ஒன்றுதான், சல்லியில் கரைவலை எந்த நாளில் போடுவார்கள் என்று விசாரித்துச் சொல்லட்டாம்.