ஊதச் சொல்ல எங்கே நிற்பது?

போதையில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கப் போலீசுக்கு முக்கியமாக இரண்டு வழி. தடுப்பு வைத்து வருகிற வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்வது ஒன்று. ரோந்து வண்டியில் சுற்றி, தள்ளாடிப் போகிறவரை மடக்குவது மற்றொன்று. எது மேல் என்ற வாதம் எப்போதும் உண்டு. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதை விட்டுவிட்டு அந்த வாதத்தில் இறங்குவது வீண் வேலை.

வரைபடத்தில் கேஸ் போட்ட இடங்களுக்கு நீலப் புள்ளி, குடிபோதை விபத்து நடந்த இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும் என்று கட்டாயமில்லை. போலீஸ் எங்கே நின்றதோ அங்கேதான் கேஸ் விழும். சிவப்போ, நெரிசல் முடிந்து வண்டி வேகமெடுக்கும் இருட்டுச் சாலையில் இருக்கலாம். போன வருட கேஸ் பட்டியலைப் பார்த்து இந்த வருடத் தடுப்புக்கு இடம் குறித்தால், நீலத்தின் மேல் இன்னொரு நீலம்தான் விழும்.

தடுப்பில் சிக்குவது கொஞ்சம் பேர்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1990ல் செல்லும் என்று தீர்ப்பான மிச்சிகன் மாநில வாகனத் தணிக்கையில், ஒன்றேகால் மணி நேரத்தில் 126 வண்டிகள் கடந்தன. கைதானது இரண்டே பேர். அதில் ஒருவர் நிறுத்தாமல் ஓட்டிப் போனவர். கணக்கு இவ்வளவுதானா என்றால், இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் சராசரியாக 25 நொடிதான் தாமதம், ஆனால் அத்தனை பேரும் தடுப்பைப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறையைக் கொண்டுவந்ததும் சாலை மரணங்கள் குறைந்தன. அங்கே வேலை செய்தது பிடிபடுவோம் என்ற பயம்.

ரோந்தில் அந்தப் பயம் பரவாது, யார் கண்ணிலும் படாதே. அளவைத் தாண்டிக் குடித்தும் நேராக ஓட்டுகிறவர் தப்பிவிடுவார். ஆனால் தடுப்பு எங்கே என்று போனில் தகவல் பார்த்துச் சந்துக்குள் திரும்புகிறவரை ரோந்துதான் பிடிக்கும்.

சரி, விபத்து நடந்த வளைவிலேயே தடுப்பு வைக்கலாமா? கூடாது. ஒதுக்கி நிறுத்த இடமில்லாத இருட்டு வளைவில் பத்து வண்டியை வரிசையாக நிறுத்தினால் அதுவே இன்னொரு விபத்து. அந்த ஓட்டுநர் கடைசியாக எங்கே குடித்தார், எந்த வழியாக வந்தார் என்று பின்னோக்கிப் போய், வெளிச்சமான, வண்டி மெதுவாகும் இடத்தில் தடுப்பை வைக்க வேண்டும். அரை மணி நேரம் நின்று இடம் மாறிவிட வேண்டும். ரோந்து அந்த இருட்டுச் சாலைக்கு.

ஆள் பற்றாக்குறையா? அப்படியென்றால் இடத்தைவிட நேரத்தை நம்புவேன். ஒரு வளைவில் இந்த வருடம் மூன்று விபத்து, அடுத்த வருடம் ஒன்றுமே இல்லை என்பது தற்செயலாகவே நடக்கும். வார இறுதியின் பின்னிரவு அப்படி இடம் மாறாது. இடத்தைக் குறிக்க மூன்று, நான்கு வருடக் கணக்காவது வேண்டும். உயிர்ச்சேதம் மட்டுமல்ல, காயம்பட்ட விபத்துகளும் சேர வேண்டும். விபத்தில் சிக்கிய எல்லா ஓட்டுநருக்கும் சோதனை நடப்பதில்லை என்பதால், போதை காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுள்ள, இரவில் ஒற்றை வண்டி தானாகச் சாலையை விட்டு இறங்கிய விபத்துகளையும் வேறு நிறத்தில் குறித்துக்கொள்ளலாம்.